உடையாத கம்பு

"உடையாத கம்பு எந்த மரத்துல கெடைக்கும்?"

எட்டாம் வகுப்பில் கஜேந்திரன் சேர் கேட்டார். யாரும் கையை உயர்த்தவில்லை. வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்து, "கொய்யா சேர்" என்றேன்.

"அட, இதுக்குப் பேச வருமா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது போன வருடம் ஜனவரியில். பெப்ரவரியில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன்.

இப்போது தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கிறேன். கையில் கொய்யா மரத்து வில். நாண் ஏற்றியாகிவிட்டது. முழுதாக இன்னும் இழுத்துப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற வாரமே அந்த மரத்தை வெட்டினேன். தோட்டத்தில் எங்கள் டிவிசனில் அது ஒன்றுதான் கொய்யா மரம். எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால், என் தொடைப் பருமனில் நேராக நின்றது.

"வெறகுக்கா?" என்று அம்மா கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன். அடுப்பில் போட்டுச் சாம்பலாக்கினால் எனக்கு ஆறாது.

போனில் ஒரு பெண் வில் செய்வதைப் பார்த்திருந்தேன். அவள் பேசிய மொழி புரியவில்லை. கைகள் புரிந்தன.

ஆப்பு அடித்து மரத்தை இரண்டாகப் பிளந்தேன். வெடிக்காமலிருக்க முனைகளில் மெழுகுதிரியை உருக்கிப் பூசினேன். அடுப்புப் புகை எட்டுகிற இடத்தில், கூரைக்குக் கீழே எட்டு மாதம் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் பனியில் உடுப்பு காயவே மூன்று நாள் ஆகும்.

இதற்குள் அடிக்கட்டையில் துளிர் விட்டது. கிள்ளினேன். மறுபடி விட்டது. மறுபடி கிள்ளினேன். துளிர் கிள்ள எங்கள் கைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை.

முதல் பாதி உடைந்துவிட்டது.

அழகாக இருக்கட்டும் என்று பட்டை இருந்த பக்கத்தையும் சீவிவிட்டேன். அந்தப் பக்கத்தில் கத்தி படக் கூடாது. வளைத்துப் பார்த்தபோது பட்ட இடத்தில்தான் முறிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா ஐவி அக்கா ஓடிவந்தார். "என்னாடி, மான் விழுந்திருச்சா? சட்டியத் தூக்கிட்டு வரவா?"

அம்மா சிரிக்கவில்லை. "மிச்சப் பாதியும் ஒடஞ்சிச்சினா மறுநாளே பள்ளிக்கூடம் போயிரணும். சரியா?"

தலையாட்டினேன். நான் ஏன் நின்றேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது பாதியில் பட்டைப் பக்கத்தைத் தொடவேயில்லை. உள்பக்கத்தை மட்டும் அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் சீவினேன். பிறகு போத்தல் துண்டால் சுரண்டினேன்.

வில்லின் மேல்பாதி வளைந்தது. கீழ்ப்பாதி முரண்டு பிடித்தது. முரண்டு பிடிக்கிற பக்கத்தைத்தான் சுரண்ட வேண்டும். சுரண்டி, வளைத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி, இரண்டு மாதம் போனது.

இன்று புது வருடத்துக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள்.

அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்முன் என் வெள்ளைச் சட்டையை அழுத்தி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, இதுவும் உடையும் என்று.

இடுப்பளவுக்கு இழுத்தேன். தாங்கியது. நெஞ்சுவரை இழுத்தேன். மரம் முனகியது. பயந்து தளர்த்தினேன்.

"மரம் எங்க?"

திரும்பினேன். கஜேந்திரன் சேர் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பள்ளிக்கூடம் எங்கள் லயத்துப் படிக்கு மேலேதான். கையில் மடக்குக் கத்தி, விரித்தபடி.

இந்த வருடத்துக்கான கம்புகளை வெட்ட வந்திருக்கிறார். பிள்ளைகளை அடிக்க.

போன வருடக் கம்புகளை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். பிடிக்கிற கையில் குத்தக் கூடாதே என்று கணுவையெல்லாம் சீவி வழவழப்பாக்கிக் கொடுத்தேன். அடி வாங்குகிற கையை நினைத்துப் பார்க்கவில்லை.

அவற்றில் முதல் கம்பு என் பக்கத்தில் உட்கார்ந்த சுதர்ஷினிக்கு. பஸ் தவறிப்போய் நடந்து, பிந்தி வந்தாள். பன்னிரண்டு அடி.

நான் சொன்னது சரிதான். கம்பு உடையவில்லை. அவளுடைய சுண்டுவிரல் உடைந்தது.

"ஒன்னத்தான் கேக்குறேன். வாயில்லையா?"

வில்லைத் தூக்கிப் பிடித்தேன்.

"இதுதான் சேர்."

இழுத்தேன். நெஞ்சைத் தாண்டினேன். மரம் முனகியது. நிறுத்தவில்லை. கன்னத்தைத் தாண்டிக் காதுவரை இழுத்தேன். மேலும் கீழும் ஒன்றுபோல வளைந்தன.

புது வில்லை அப்படியே பிடித்து வைத்திருக்கக் கூடாது. தெரியும். தோள் எரிந்தது. மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டுவரை எண்ணினேன்.

உடையவில்லை.

நாணை மெல்லத் தளர்த்தினேன். அம்பு வைக்காமல் சட்டென்று விட்டால் வில் முறிந்துவிடும். அம்பு நான் இன்னும் செய்யவேயில்லை.

சேர் வில்லைப் பார்த்தார். அடிக்கட்டையைப் பார்த்தார். அதில் ஒரு துளிர்கூட இல்லை.

கத்தியை மடக்கிக் காற்சட்டைப் பையில் போட்டார். வெறுங்கையோடு படியேறிப் போனார்.