அரைக் கிலோ ட்ரிகர்

"என் பிஸ்டல்ல உனக்கு என்னடி வேலை?"

இர்மேலா போட்ட சத்தத்தில், துப்பாக்கிக் கழக ஹாலில் பியரும் ப்ரெட்சல் ரொட்டியுமாக நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஜைமேல் இர்மேலாவின் ஏர் பிஸ்டல் பெட்டி திறந்து கிடந்தது. அதன்மேல் குனிந்திருந்த பேர்பெல் சட்டென்று நிமிர்ந்தாள். கையில் ஸ்க்ரூ முறுக்கும் குட்டி ஆலன் கீ.

"சும்மா... பார்த்தேன்."

"பார்க்கிறதுக்கு ஆலன் கீ எதுக்கு? கண்ணு போதாதா?"

பேர்பெல் கீயைப் பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மாவட்டப் போட்டி. இந்த முறை முனிச்சில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்தான் போக முடியும். இர்மேலா, விட்டால் பேர்பெல். இரண்டு பேரும் ஒரே கழகம், ஒரே தெரு. வருஷா வருஷம் இர்மேலா முதலிடம், பேர்பெல் இரண்டாமிடம். பொறாமை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

இர்மேலாவின் உயிரே அந்த ட்ரிகரில்தான் இருந்தது. மூட்டுவாதத்தில் கோணிப்போன அவள் ஆள்காட்டி விரலுக்குத் தோதாக, கணவர் ஓட்மார் குளிர்காலம் முழுக்க வீட்டு நிலவறையில் உட்கார்ந்து அதை அரம் போட்டு, வளைத்து, நகர்த்தி வைத்திருந்தார். அதற்காக இஷ்டத்துக்கு லேசாக்கிவிடவும் முடியாது. அரைக் கிலோ எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டித் தூக்கினால், விடுபடாமல் தாங்க வேண்டும். காலைச் சோதனையில் தாங்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் கை வைத்தாலும் குற்றம்.

சுடுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவருக்குக் கை கொடுத்து, 'குறி தப்பாம இருக்கட்டும்' என்று சொல்வது இங்கே வழக்கம். பேர்பெல் கையை நீட்டினாள். இர்மேலா பார்க்காத மாதிரி காதுறையை மாட்டிக்கொண்டாள்.

பழக்கத்துக்கு ஒரு குண்டு சுட்டதுமே தெரிந்துவிட்டது.

"ஓட்மார்! ட்ரிகர் கனமா இருக்கு. அந்தப் பாவி முறுக்கிட்டா!"

தடுப்புக்குப் பின்னால் நின்ற ஓட்மாரின் முகம் வெளுத்தது.

"விடு இர்மேலா. சுடு."

"நான் நடுவர்கிட்ட சொல்லப் போறேன்."

"முதல்ல சுடு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

போயும் போயும் இப்படி ஒரு கோழையைக் கட்டிக்கொண்டோமே என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் போட்டி தொடங்கிவிட்டது.

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். இர்மேலாவுக்கு நின்றுவிடும். விரல் வலித்த போதெல்லாம் மனசுக்குள் பேர்பெலைத் திட்டித் தீர்த்தாள். திட்டித் திட்டியே சுட்டாள். கடைசிக் குண்டு வரை இழுபறி.

ஒரே ஒரு புள்ளியில் இர்மேலா ஜெயித்தாள்!

கைதட்டல் அடங்குவதற்குள் நடுவர் குலுக்கல் சீட்டை எடுத்தார். போட்டி முடிந்த பிறகும் யாராவது ஒருவரின் பிஸ்டலைச் சோதிப்பது என்று இந்த வருஷம்தான் ஆரம்பித்திருந்தார்கள்.

"இர்மேலா, உங்க பிஸ்டலைக் கொண்டாங்க."

எடைக்கல்லை மாட்டித் தூக்கினார். ட்ரிகர் அசையவில்லை.

"ஜோரா நிக்குது. முனிச் போயிட்டு வாங்க! ஏதாவது புகார் உண்டா?"

"உண்டு" என்று இர்மேலா வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம், ஐயா" என்று ஓட்மார் அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இப்பவும் என் வாயை மூடப் பார்க்கிறியா? அவ என் ட்ரிகர்ல..."

"ட்ரிகர்ல முதல்ல கை வெச்சது நான்."

"என்னது?"

"காலையில இருந்து விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தே. மனசு கேக்கலை. சோதனைதான் முடிஞ்சாச்சே, இனிமே யாரு பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். நீ காபி வாங்கப் போனப்போ ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திட்டேன். மறுபடி சோதிப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

இர்மேலாவின் பார்வை நடுவர் மேஜைமேல் இருந்த எடைக்கல்லுக்குப் போனது.

"அப்போ அந்தக் கல்லு..."

"தாங்கியிருக்காது. நான் தளர்த்தினதை பேர்பெல் பார்த்திருக்கா. வெளியே சொன்னா உன்னைப் போட்டியை விட்டே தூக்கிடுவாங்கன்னு, சத்தமில்லாம கொஞ்சம் கூடவே இறுக்கி வெச்சிருக்கா. ட்ரிகர் கனமா இருக்குன்னு நீ கத்தினப்பதான் எனக்கே உறைச்சது."

இர்மேலா திரும்பிப் பார்த்தாள். ஹால் மூலையில் பேர்பெல் தனியாகத் தன் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கடந்து போனவர்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஐயோ! நான் அந்தக் கத்து கத்தினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ..." அழுகை வந்துவிட்டது இர்மேலாவுக்கு.

"சொல்றது என்ன, இர்மேலா? பார்த்தும் பார்க்காத மாதிரி சும்மா இருந்திருந்தாலே போதும். முனிச்சுக்கு அவ போயிருப்பா!"