டீசலில் புகுந்த காற்று

கடலடியில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்த தஸ்நேவிசுக்குக் குழாய்வழியே காற்று அனுப்பிய என்ஜின், டீசல் வற்றி நின்றுபோயிற்று. படகிலிருந்த தம்பி லசார் உடனே டீசலை ஊற்றினான். அதற்குள் டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. அதை வெளியேற்ற, குழாயின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினான். நுரைதான் பொங்கியது.

"கயிறு பாறைல மாட்டிக்கிட்டு, இழுத்தா வரல. போதும், திருகை முறுக்குல," என்றான் தஸ்நேவிசின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்த ஜெரோன்.

"நுரையோட முறுக்குனா என்ஜின் திரும்ப நின்னுரும்ல."

கடைசிக் குமிழும் தீர்ந்த பின்னரே லசார் முறுக்கினான். கிளப்பியதும் என்ஜின் உறுமியது. சற்றைக்கெல்லாம் கடல்மேல் குமிழ்கள் எழுந்தன.

"உங்கண்ணன் மூச்சு விடுறாம்ல."

மூச்சு விடுபவனின் குமிழ்கள் விட்டுவிட்டு வரும். வாயிலிருந்து நழுவிய குழாயோ ஓயாமல் கக்கும். குமிழ்களுக்கு நடுவே ஓர் இடைவெளிக்காக லசார் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.