விஷம் கலந்த ஃபைல்

மேசைக்கு இந்தப் பக்கம் முதலாளி. எதிர் நாற்காலியின் நுனியில், கடைகளுக்கான பில் புரோகிராமை எழுதியவள். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் முன்னால், வெளியிலிருந்து வரவழைத்த ‘வைரஸ் டாக்டர்’. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் மச்சினன், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு புது வாடிக்கையாளர் ஒருவருக்கு வலை வீசிக்கொண்டிருந்தான்.

அவள் அனுப்பிய புது ஃபைலைத் திறந்ததுமே ஒரு பெரிய கடையின் கம்ப்யூட்டர்கள் ‘ஆபத்து’ என்று சிவப்பாக அலறியிருந்தன. கடைக்காரர் போனிலேயே முதலாளியைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க டாக்டர், விஷம்தானே?”

“அறிகுறியெல்லாம் அப்படித்தான் இருக்கு. சாதாரண புரோகிராமுக்குள்ள ‘பில்’, ‘ரசீது’ன்னு படிக்கிற மாதிரி வார்த்தைங்க கிடைக்கும். இதுல முழுக்கக் கிறுக்கல். மொத்தத்தையும் சுருட்டி வெச்சு, ஓடவிட்டதும் மெமரியில பிரியற மாதிரி பண்ணியிருக்காங்க. ஆனா மறைச்சதெல்லாம் கெட்டதுன்னு சொல்லிட முடியாது சார். பிரிச்சுப் பார்க்க சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க.”

முதலாளியின் காதில் முதல் பாதிதான் ஏறியது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது.

“சோறு போட்ட இடத்துலயே கை வெச்சுட்டியே!”

“நான் எழுதினதுல மறைக்க ஒண்ணுமில்ல சார். ஆபீஸ் ஃபோல்டர்ல இருந்ததைத்தான் எடுத்து அனுப்பினேன்.”

“அப்போ பேய் வந்து சுருட்டி வெச்சுதா?”

அவளுக்கும் முகம் சிவந்தது. “டாக்டர் பார்த்து முடிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டீங்களா?”

“மானம் கப்பலேறிடுச்சு, இன்னும் என்னத்தைப் பொறுக்கறது? வாயை மூடு!”

ஈமெயில் அவருக்குப் போதாது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தால்தான் கடிதம். பேனா தாளைக் கிழித்துவிடும் வேகத்தில் கடைக்காரருக்கு எழுதினார்: விஷம் கலந்தவர் எங்கள் ஊழியர், பெயர் இன்னது, இன்றே நீக்கிவிட்டோம், தங்களுக்குத் தெரிந்த கம்பெனிகளையும் எச்சரித்து வையுங்கள்.

“என் பேரைக் கெடுக்காதீங்க சார். எனக்கு வேற எங்கேயும் வேலை கிடைக்காது.”

“அதுக்குத்தான் எழுதறேன்.”

உறையை ஒட்டினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். வாசலில் நின்ற கூரியர்காரர் வாங்கிக்கொண்டார். பைக் உறுமித் தெருமுனையில் மறைந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மச்சினன் உள்ளே வந்தான். திரையில் ஃபைலின் பெயரையும் கீழே நிறைந்திருந்த கிறுக்கலையும் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா அத்தான், எவனும் காப்பியடிக்காதபடி பூட்டுடான்னு சொன்னீங்களே, நான் போட்ட பூட்டை டாக்டராலேயே திறக்க முடியல!”