இரண்டில் மெதுவானது

தங்கையோடு அவள் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்த றிஷாட் ஸ்குரூ டிரைவரைக் கேட்டதும், மசூர் மேசை இழுப்பறையை வேண்டுமென்றே மெதுவாகத் துழாவினான்.

கத்தாரில் நாலு வருடமாகக் கணினி திருத்துகிறவன் றிஷாட். லீவில் வந்து மூன்று நாள்தான். அதற்குள் பக்கத்து வீட்டு சபியா உம்மா காதில் ஓதிவிட்டாள்: "உங்கட தங்கச்சிட கொம்பியூட்டருக்குத்தான் மனே, ஊருக்குள்ள தீராத வருத்தம்."

கல்முனைக் கடைத்தெருவுக்கு இது பழைய கதை. சுனாமியில் புருசனைப் பறிகொடுத்த றிஷாட்டின் தங்கை லைலா, வீட்டிலிருந்து கல்யாணக் கார்ட் டைப் அடித்துப் பிழைக்கிறவள், மூன்று மாதமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மசூரின் கடைக்கு வருகிறாள். எதிர்க்கடை கச்சிமுகம்மது நேரமே குறித்து வைத்திருந்தார்: வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

தெருவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அந்த நோயைக் கொடுத்ததே மசூர்தான்.

அவள் முதல் தடவை வந்த அன்று, உள்ளே இருந்த இரண்டு ரேம் துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மெதுவான ஒன்றைச் செருகி அனுப்பினான். வேகம் ஒவ்வாத இரண்டு துண்டுகள் சேர்ந்தால் கணினி சண்டை பிடிக்காது. மெதுவானதன் வேகத்துக்கே மற்றதையும் ஓட்டும். 400க்குப் பக்கத்தில் 333. பழுதில்லை, சுணக்கம் மட்டும்.

திரும்பி வருவாள் என்று நினைத்தான். வந்தாள்.

காசு வாங்கியதில்லை. அந்த அளவுக்கு இறைவன் மீது ஈமான் இருந்தது.

போன மாதம், துண்டை எப்படிக் கழற்றுவது என்று காட்டச் சொன்னாள். படிக்கிற ஆசையாக்கும் என்று பூரித்துப்போய்ச் செய்து காட்டினான்.

இப்போது பிடிபட்டால் கடையின் பெயரோடு முடியாது. லைலாவுக்கு வாப்பா இல்லை. நாளை நிகாஹ் என்று ஒன்று நடந்தால், பெண்ணின் பொறுப்பாளனாக, வலியாக, உட்கார்ந்து கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் இந்த றிஷாட்.

வெளியே ஹர்த்தால். பாதி இறக்கிய கதவுக்கு அப்பால் ஆமி ட்ரக் ஒன்று மெல்ல ஊர்ந்து போனது.

பெட்டியின் மூடி கழன்றது.

பழைய துண்டு ஒவ்வொன்றிலும் வேகத்தை நீலப் பேனாவால் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது மசூரின் பழக்கம். றிஷாட் இழுத்தெடுத்த துண்டிலும் அந்த நீல மை இருந்தது.

"இருநூத்தி அறுவத்தாறு," என்று வாசித்தான். "உங்கட எழுத்துத்தானே? இத ஆரு போட்ட?"

மசூர் நிமிர்ந்தான்.

அவன் போட்டது முன்னூற்று முப்பத்து மூன்று.

லைலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் எப்போதும் உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின் மூடியில்லாமல் கிடந்தது.

"நான்தான்," என்றான் மசூர். "மாறிப் போட்டுட்டன்."

றிஷாட் அவனைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். துண்டு அவன் உள்ளங்கையிலேயே இருந்தது.

"அவசரமில்ல காக்கா," என்றாள் லைலா அண்ணனிடம். "பெட்டி இஞ்ச கிடக்கட்டும். வியாழக்கிழம வந்து எடுக்கன்."