பத்து மணிக் கன்று

பிறந்து நான்கு நாளான கன்றுக்கு ரோட்டா வைரஸ் கழிச்சல் என்றும், வியாழன் காலை பத்து மணிக்கு அது இறந்துவிடும் என்றும் அதன் காதில் மாட்டிய, நோயைக் கணிக்கும் மின்னணு வில்லை அறிவித்தது. உடலை ஏற்றிப்போகும் வண்டியோடு கவின் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டான்.

தொழுவத்தில் யாழினி தன் கன்றுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி பத்தாயிருச்சுங்க அக்கா."

"அதுக்கு மணி பாக்கத் தெரியாது தம்பி. தலையக் கொஞ்சம் புடிங்க."

கன்றை மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டான். பதினோரு மணிக்கு அவனை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.

"செத்ததாப் பதிவாயிருச்சு. இன்னும் ஏன் ஏத்தலை?"

கன்று கண்ணைத் திறந்து, அவன் மடியிலேயே சூடாகக் கழிந்தது.

"வண்டி பஞ்சருங்க சார். நாளைக்குத்தான் வர முடியும்" என்றான் கவின். பிறகு யாழினியிடம் கையை நீட்டினான்.

"அடுத்த பாட்டிலைக் குடுங்க அக்கா."