மாட்டேன் என்ற மகள்

"நம்ம வீட்டு மானத்தையே வாங்கிட்டியேம்மா!"

தையல் கம்பெனியிலிருந்து திரும்பிய மகளை, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார் அப்பா.

"வருகைப் பதிவுக்குக் கைரேகை தர மாட்டேன்னேன். அதுல என்னப்பா மானம் போச்சு? ஐடி கார்டு திருட்டுப்போனா வேற வாங்கலாம். ரேகை திருட்டுப்போனா வேற விரலா வாங்க முடியும்?"

"மத்தவங்க எல்லாரும் வாயைத் திறக்காம விரலை வெச்சாங்களே!"

"வேலை போயிடும்னு பயந்து வெச்சாங்க."

"உனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையாக்கும்?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் காலை அப்பா விறைப்பாக அவளுடன் கம்பெனிக்குள் நுழைந்தார். தன் விரலைப் பிடித்து ரேகை மெஷினில் அழுத்தப்போகிறார் என்றே அவள் நினைத்தாள்.

மேனேஜர் பதறி எழுந்தார். "வாங்க முதலாளி!"

"என் பொண்ணு மாட்டேன்னதும் சரிம்மான்னு விட்டுட்டீங்க. வேற ஒரு பொண்ணு சொல்லியிருந்தா?"

மேனேஜர் தலைகுனிந்தார்.

"என் கம்பெனியில பயந்து விரல் வெச்சாங்கன்னா, அது என் குடும்பத்துக்குத்தான் கேவலம். இனி ரேகையா கார்டாங்கிறது அவங்கவங்க இஷ்டம். பதிஞ்சதை அழிக்கச் சொன்னா, மறுபேச்சு கூடாது."

தையல் மெஷின்கள் நின்றன. பொத்தான் தைக்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப என்னோடதை அழிச்சிடுங்க ஐயா."

முதலாளி அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.