நாற்பது அடி

“டீயெல்லாம் வேண்டாம் தம்பி. கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க.”

நீட்டிய கிளாஸோடு மருது பாதி வழியில் நின்றான். முகம் சுண்டிப்போனது.

நாகமலை புதுக்கோட்டையில் பேட்டரி கடை வைத்த இந்த ஆறு வருஷத்தில் அவன் கொடுத்த டீயை யாரும் வேண்டாம் என்றதில்லை. வந்தவர் பேர் அனந்தராமன். மாஸ்க் போட்டிருந்தார். வெயில் கொளுத்துகிறது, மனுஷன் கடைக்குள் காலே வைக்கவில்லை. ரோட்டோரப் புங்கமரத்தடியில் நின்றபடியே பேசினார். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய சிவப்புக் கார் கடை வாசலில் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி கார்.

“இதை ரிமோட்டுக்கு மாத்தணும். குழந்தை பெடலை மிதிக்க வேண்டாம். நான்தான் ஓட்டணும்.”

“பிள்ளைக்கு என்ன வயசு சார்?”

“மூணரை.”

“அப்பப் பெடல்லயே ஓட்டட்டுமே சார். நீங்க பின்னாடியே நடந்தாப் போதும்.”

“அது முடியாது. நான் ரூமுக்குள்ள இருந்துதான் ஓட்டணும், ஜன்னல் வழியா. நாப்பது அடிக்கு வேலை செய்யணும். குறையக் கூடாது.”

சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

பக்கத்து டீக்கடை காசிமாயன் கிளாஸ் எடுக்க வந்தான். “என்ன மாப்ள, டீ அப்படியே ஆடை கட்டிக் கெடக்கு?”

“நம்ம கிளாஸ்ல குடிக்க மாட்டாராம் மாப்ள. கிட்டயே வரக் கூடாதாம்.”

“இந்தக் காலத்துலயுமா?”

“அதக்கூட விடு. பெத்த பிள்ளை கூட நாலு எட்டு நடக்க வலிக்குதாம். ஏசியப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்து ரிமோட்ட அமுக்குவாராம். இம்புட்டு சோம்பேறிய நான் பார்த்ததே இல்ல.”

வேலை ரெண்டு நாள் இழுத்தது. ஸ்டியரிங் தண்டில் ஒரு சின்ன மோட்டார் கட்டி, சீட்டுக்கு அடியில் ரிசீவரை வைத்து ஓட்டிப் பார்த்தான். கார் காசிமாயன் கடையைத் தாண்டியும் போனது. நாற்பது அடி என்ன, அறுபதே போகும்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

ரிசீவரின் ஆன்டெனா ஒயரைச் சுருட்டி, மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் செருகி டேப் ஒட்டினான். மறுபடி ஓட்டிப் பார்த்தான். பத்தடியில் கார் நின்றுவிட்டது.

“இப்ப நடக்கட்டும், பிள்ளை கூட.”

மறுநாள் காரை அவர் வீட்டு வாசலில் இறக்கியபோது குழந்தை ஜானு ஓடிவந்து ஏறிக்கொண்டது. ரிமோட்டை அவர் மனைவி பிரியம்வதா வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விலகினாள். உள்ளே இருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது.

வாங்குவதற்குக்கூட வெளியே வர மாட்டாராமே!

“அப்பா, ஓட்டுங்கோ!”

அனந்தராமன் அமுக்கினார். கார் அசையவில்லை. மறுபடி அமுக்கினார்.

“அம்புட்டு தூரத்துக்கு எடுக்காது சார்,” என்றான் மருது. சொல்லும்போதே உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. “எறங்கி வாங்க. பக்கத்துல வந்து நின்னா ஓடும்.”

ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது. கதவு திறந்தது. மாஸ்க்கும் ரிமோட்டுமாக அனந்தராமன் வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

ஜானு காரிலிருந்து குதித்து ஓடி, கேட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டது.

“வராதீங்கோப்பா! டாக்டர் மாமா திட்டுவா!”

அவர் வைத்த காலை எடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருதுவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிரியம்வதாவைப் பார்த்தான்.

“டி.பி.,” என்றாள் மெதுவாக. “சளி டெஸ்ட் சரின்னு வர்ற வரைக்கும் குழந்தை பக்கத்துல போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. ஒரு மாசமா இவளைத் தூக்கலை. வெளையாட வாங்கோன்னு இவ ஜன்னலுக்கு வெளியே நின்னு அழறா, அவர் உள்ளே நின்னு அழறார். அதுக்குத்தான் இந்தக் கார்.”

மருது காரின் பக்கத்தில் குந்தினான். காரைக் கவிழ்த்தான். டேப்பைப் பிய்த்து, ஒயரை வெளியே இழுத்து, சீட்டின் முதுகுப் பக்கம் நேராக நிறுத்தி ஒட்டினான். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

“வண்டியில கோளாறு இல்ல சார். நான்தான் ஒயரச் சுருட்டி வச்சேன். உங்களச் சோம்பேறின்னு நெனச்சேன். நடக்க வைக்கணும்னு செஞ்சேன்.”

ரிமோட் பிடித்த கை ஜன்னலில் மறுபடி தெரிந்தது.

“ஜானு, ஏறிக்கோ,” என்றார் அனந்தராமன்.

கார் கிளம்பியது. கேட் வரைக்கும் போய்த் திரும்பி, துளசி மாடத்தில் லேசாக இடித்து, மறுபடி ஓடியது. “வேகமாப்பா! வேகமா!” என்று ஜானு கத்த, உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. அதன் பின்னாலேயே இருமல்.

பிரியம்வதா காபி கொண்டுவந்தாள். ஜன்னலில் இருந்து குரல் வந்ததும் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“அவருக்குக் குடுக்காதே! தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. விஷயம் தெரிஞ்சதுல இருந்து எங்க வீட்டுக்கு வர்றவங்க யாரும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. நீங்களும் போற வழியில கடையில குடிச்சுக்கோங்க.”

மருது எழுந்து போய் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினான். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தான்.

“சீனி பத்தலக்கா. இன்னொரு ஸ்பூன் போடுங்க.”

நாற்பது அடி வைக்கச் சொன்னார், முதலில் வைக்கவில்லை. கடையில் குடிக்கச் சொன்னார். அதையும் மருது கேட்கவில்லை.